புது மரக் கிளாரினெட் வெடித்துவிடுமோ என்ற பயம்: கேட்டவருக்கு ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டவை மேலோட்டமாக மூன்று கேள்விகள். மகளுக்கு வாங்கிய புது மரக் கிளாரினெட்டைத் தினமும் எத்தனை நிமிடம் வாசிக்கலாம், உள்ளே எண்ணெய் போட வேண்டுமா, சென்னையில் ஏசி ஓடும் அறையிலேயே பெட்டியை வைத்துக்கொள்ளலாமா. கூடவே, சர்ச் இசைக்குழுவில் ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார் என்றும், மகள் அடுத்த செப்டம்பரில் படிக்க டொரோண்டோ போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவு பணம் போட்டு வாங்கியதை ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் மரம் வெடித்துக் கிடந்தால் என்ன செய்வது, அது நம் தப்பாக ஆகிவிடுமோ என்பது. கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த டொரோண்டோ விஷயம்தான் என் கண்ணில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக ஊதுகருவிகளைப் பழுது பார்க்கிறவன். பெரும்பாலும் கிளாரினெட், கொஞ்சம் ஓபோ, நிறைய சாக்ஸபோன். மர ஆராய்ச்சி படித்தவன் கிடையாது. என் மேஜைக்கு வருவது ஏற்கெனவே கெட்டுப்போன கருவிகள்தான், நன்றாக இருப்பவை என்னிடம் வருவதில்லை, அதனால் நான் பார்க்கும் உலகம் கொஞ்சம் சாய்ந்தது. இதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் மகளின் கிளாரினெட் கருங்காலி என்று கடையில் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் கருங்காலி இல்லை. இன்றைக்கு நல்ல கிளாரினெட் எல்லாம் கிரெனடில்லா என்கிற ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்கிறார்கள், தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் இருந்து வருவது, அங்கே ம்பிங்கோ என்று பெயர். நம்ம ஊர் ஈட்டி, அதாவது தோதகத்தி, இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. இரண்டும் ஒரே பேரினம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். இயற்கையிலேயே எண்ணெய்ப்பசை உள்ள மரம். இந்த அடர்த்தியால்தான் அதில் அந்தத் துல்லியமான துளைகளைப் போட முடிகிறது, வருடக்கணக்கில் அவை வடிவம் கெடாமலும் நிற்கின்றன. பிரச்சினையும் அதே அடர்த்தியிலிருந்துதான் வருகிறது. ஈரம் இந்த மரத்துக்குள் மெதுவாகத்தான் நகரும். உள்பக்கம் நனைந்த சேதி வெளிப்பக்கத்துக்குப் போய்ச்சேரப் பல நாள் ஆகும்.

ஏரி வற்றும்போது தரை பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல் மண் வெயிலில் காய்ந்து சுருங்குகிறது, கீழ் மண் இன்னும் ஈரத்தோடு அதே அளவில் இருக்கிறது, சுருங்க நினைக்கும் மேல்தோலைக் கீழே இருப்பது விடுவதில்லை, அதனால் கிழிகிறது. கிளாரினெட்டில் நடப்பதும் இதேதான், வட்டமாகச் சுருட்டிய ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதும்போது வாயிலிருந்து வரும் காற்று 34 டிகிரி அளவில் இருக்கும், நீராவி நிறைந்திருக்கும். அது குளிர்ந்த உள்சுவரில் பட்டதும் தண்ணீராகிறது. உள்சுவர் சூடாகிறது, நனைகிறது, உப்புகிறது. வெளிச்சுவர் அறையின் சூட்டில், அறையின் வறட்சியில் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பது வெளியே தள்ளுகிறது, வெளித்தோல் இழுபடுகிறது. மரத்துக்கு நீளவாக்கில் பெரிய மாற்றம் வராது, குறுக்குவாக்கில்தான் வரும். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் வரும் மாற்றம், நடுவிலிருந்து வெளிநோக்கி வருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் விரிசல் எப்போதும் நீளவாக்கில், ரேகையோடு ரேகையாக ஓடும். ஆரம்பிக்கும் இடம் துளை ஓரமாகவோ, கீ எனப்படும் உலோகச் சாவிகளைத் தாங்கும் தூண்களைத் திருகியிருக்கும் இடமாகவோ இருக்கும். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை மேல் ஜாயிண்ட் என்கிற மேல் பாதிக் குழாயின் உச்சியில், சுரத்தை வேகமாக அசைக்க உதவும் டிரில் (trill) கீ துளைகளை ஒட்டி வெடித்தவை. அடுத்தது பேரல், அதாவது வாய்வைத்து ஊதும் மவுத்பீஸுக்கும் மேல் ஜாயிண்ட்டுக்கும் நடுவில் இருக்கும் குட்டைக் குழாய். வாய்க்குப் பக்கத்தில் இருப்பது அந்த இரண்டும்தானே, தண்ணீர் முழுக்க அங்கேதான் சேரும். கீழ் ஜாயிண்ட் வெடித்து வருவது அபூர்வம், அடியில் விரிந்திருக்கும் பெல் இன்னும் அபூர்வம்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று, ஈரம் மட்டும் எதிரி கிடையாது, வறட்சி மட்டும் எதிரி கிடையாது, உள்ளுக்கும் வெளிக்கும் இடையே திடீரென்று வரும் வித்தியாசம்தான் மரத்தை வெடிக்க வைப்பது. நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது, கேட்காத நான்காவது கேள்விக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜனவரி மாதம் கொடைக்கானலில் ஒரு சர்ச் நிகழ்ச்சிக்கு வாசிக்கப் போனேன். ராத்திரி முழுக்கப் பெட்டி காரிலேயே கிடந்தது, எடுத்து உள்ளே வைக்கச் சோம்பல். காலையில் தொட்டால் உலோகம் சுடுகிற மாதிரி குளிர். நேரமாகிவிட்டது என்று மாட்டி அப்படியே பலமாக ஊதினேன். சுருதி அடியில் கிடந்தது, அதை மேலே ஏற்ற இன்னும் பலமாக ஊதினேன். இரண்டாவது பாட்டு முடியும்போது ஏதோ சில சுரங்கள் சரியாக வரவில்லை, ரீட், அதாவது ஊதும் நாணல் பட்டை, சரியில்லை என்று நினைத்தேன். மத்தியானம் துடைக்கும்போது பார்த்தால் மேல் ஜாயிண்ட்டில் முடி மாதிரி ஒரு கோடு, ஒரு டிரில் துளையில் ஆரம்பித்து விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. அந்தக் கருவிக்கு வயது எட்டு மாதம். பத்து நிமிடம் அதைச் சட்டைக்குள் வைத்து வெளிப்பக்கத்தைச் சூடாக்கியிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். ஒருவேளை என்றுதான் சொல்வேன். அதே காலையில் அதே குளிரில் பக்கத்தில் ஒருவர் வாசித்த கிளாரினெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு மரத்துக்குள்ளும் என்ன இழுவிசை ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, நிமிடக் கணக்குக்கு வருவோம். நான் சொல்வது இது: முதல் வாரம் ஒரு தடவைக்கு 15 நிமிடம், ஒரு நாளில் இரண்டு தடவை, நடுவில் சில மணி நேர இடைவெளி. அடுத்த ஒவ்வொரு வாரமும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஆறாவது வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு இயல்பாக வாசிக்கலாம். இந்த எண்கள் வேதம் கிடையாது. ஒரு தயாரிப்பாளர் ஒன்று சொல்வார், இன்னொருவர் வேறு சொல்வார், அனுபவமுள்ள கலைஞர்கள் சிலர் வாங்கிய அன்றே மூன்று மணி நேரக் கச்சேரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. இது பழக்கத்தில் வந்த எச்சரிக்கை, சோதனை போட்டு நிரூபித்த விதி என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அடிப்படை நியாயமானது. கொஞ்சம் நனைத்து, அந்த ஈரம் சுவர் முழுக்கப் பரவ நேரம் கொடுத்து, மறுபடி கொஞ்சம் நனைப்பது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் வாசித்துவிட்டு வாரம் முழுக்கத் தொடாமல் வைப்பதைவிட, தினமும் இருபது நிமிடம் வாசிப்பது மரத்துக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புதிதில் உயர் ஸ்தாயி வாசிக்கக் கூடாது, சத்தமாக ஊதக் கூடாது என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கு மரத்தில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடுங்கள்.

இந்த ஆறு வாரமும் அவள் பயிற்சி பாதிக்கப்படுமே என்று கேட்பீர்கள். முன்பு வாசித்த பிளாஸ்டிக் கிளாரினெட் இருக்கிறதா? தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். மீதி நேரத்துக்கு அதை வாசிக்கட்டும். பிறகும்கூட வெட்டவெளி நிகழ்ச்சி, கிறிஸ்துமஸ் ஊர்வலம், மழை, வெயில் எல்லாவற்றுக்கும் அதுதான் ஏற்றது. பிளாஸ்டிக்கைக் கேவலமாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பஃபே கிராம்போன் நிறுவனமே தன் உயர்தரக் கருவிகளை கிரீன்லைன் என்ற பெயரில், கருமரத் தூளையும் கார்பன் இழையையும் பசையில் சேர்த்து அழுத்தியும் செய்கிறது. ரேகையே இல்லாத பொருள், எனவே நீளவாக்கில் பிளக்க வழியில்லை.

நிமிடக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது துடைப்பது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு பதினைந்து, இருபது நிமிடத்துக்கும் நிறுத்தி ஒரு தடவை, முடித்ததும் இரண்டு மூன்று தடவை. மவுத்பீஸைக் கழற்றிவிட்டு, துணியின் எடைக்கட்டியை பெல் பக்கம் போட்டு பேரல் பக்கமாக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். ஈரம் மேலே அதிகம், கீழே குறைவு, இப்படி இழுத்தால் மேலே உள்ள தண்ணீரைக் கீழே பூசிக்கொண்டு வரமாட்டோம். எதிர்ப்பக்கமாக இழுப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்காகச் சண்டை போட மாட்டேன். பட்டுத்துணி நல்லது, மெல்லியது. இழுப்பதற்கு முன் துணியை விரித்துவிட வேண்டும், முடிச்சு விழுந்திருக்கக் கூடாது. மேல் ஜாயிண்ட்டுக்குள்ளே ஸ்தாயி மாற்றும் ரெஜிஸ்டர் கீயின் சின்னக் குழாய் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், சுருண்ட துணி அதில் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் பலம் போட்டு இழுக்காமல் வந்த வழியே பின்னால் இழுக்க வேண்டும். வரவில்லை என்றால் அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். குச்சி விட்டுக் குத்தி உள்சுவரைக் கீறிக்கொண்டு வருபவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது எனக்கு உண்டு.

உள்ளே துடைத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. ஒவ்வொரு பகுதியும் இணையும் இடத்தில், கார்க் சுற்றிய முனையின் விளிம்பிலும் அது போய் உட்காரும் குழியிலும் தண்ணீர் தேங்கும். அங்கே மரத்தின் வெட்டுமுகம் திறந்திருக்கிறது. வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர் பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சப்படும், ஒரு கட்டு ஸ்ட்ராக்களின் வாய் மாதிரி. விரலில் துணியைச் சுற்றி அந்த நான்கைந்து இடத்தையும் துடைக்க அரை நிமிடம் போதும். கழற்றித்தான் வைக்க வேண்டும், ஸ்டாண்டில் மாட்டியபடியே ராத்திரி விடக் கூடாது. ஈரத் துணியைப் பெட்டிக்குள் கருவியோடு போட்டு மூடவும் கூடாது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படி மூடிவைத்தால் மரம் வெடிக்கும் முன்னே, துளைகளை மூடும் சின்ன மெத்தைகளான பேட் எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம், புதிதில் இணைப்புகள் சில நாள் இறுக்கமாகும், ஈரத்தில் முனை உப்பியிருக்கும். கார்க் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். அப்படியும் கழலவில்லை என்றால் முறுக்கிப் போராட வேண்டாம், ஒரு நாள் காய விட்டால் தானே இளகும். அடிக்கடி அப்படி ஆனால் முனையில் ஒரு துளி மரத்தை உரசி எடுக்க வேண்டும், அது பத்து நிமிட வேலை, ஆனால் நீங்கள் செய்யக் கூடாத வேலை.

ஏசி அறை. இங்கே நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சென்னையின் வெளிக்காற்றில் ஈரப்பதம் வருடத்தின் பெரும்பகுதி 70 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஏசி அதை இழுத்து 50 அளவுக்குக் கொண்டுவரும். கிளாரினெட்டுக்கு 45 முதல் 60 வரை சுகமான இடம், எனவே மிதமான ஏசி அறை உண்மையில் நல்ல அறை. எனக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, ஏசியின் காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் திறந்து வைப்பது, அல்லது அங்கேயே உட்கார்ந்து வாசிப்பது. உள்ளே சூடான ஈரம், வெளியே குளிர்ந்த வறண்ட காற்று, அதாவது நான் மேலே சொன்ன வித்தியாசத்தைக் காசு கொடுத்து உருவாக்குகிற மாதிரி. இன்னொன்று, மே மாத வெயிலில் நிறுத்திய காரில் பெட்டியை விட்டுவிட்டு, பிறகு குளிரூட்டிய அரங்கத்துக்குள் கொண்டுபோய் உடனே வாசிப்பது. மூடிய கார் வெயிலில் 60 டிகிரியைத் தொடும். அதில் மரம் மட்டும் என்ன, பேட்களை ஒட்டியிருக்கும் பசையே இளகும். எங்கே போனாலும் பெட்டியை மூடியபடி கால் மணி நேரம் அந்த அறையில் வைத்துவிட்டுத் திறக்கும் பழக்கம் வரட்டும். குளிர்ந்திருந்தால் உள்ளே ஊதிச் சூடாக்காமல், கையிலோ அக்குளிலோ வைத்து வெளியிலிருந்து சூடாக்கட்டும். ஈரப்பதமானி ஒன்று, தீப்பெட்டி அளவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அதன் துல்லியத்தை ரொம்ப நம்ப வேண்டாம், ஐந்து சதவீதம் அப்படி இப்படி இருக்கும். ஆனால் 50 என்று காட்டிக்கொண்டிருந்தது ஒரு வாரத்தில் 30 என்று காட்டினால் அது நிஜமான சேதி.

எண்ணெய் விஷயம்தான் சண்டை நடக்கும் இடம். பத்துப் பழுதுக்காரர்களைக் கேட்டால் பதினோரு பதில் வரும். எனக்கு உறுதியாகத் தெரிந்தது மட்டும் சொல்கிறேன். எண்ணெய் மரத்தை நீர்புகாததாக ஆக்காது, ஈரம் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பேட்டில் எண்ணெய் பட்டால் அந்தப் பேட் போனது. பெரிய தயாரிப்பாளர்கள் பலர் மரத்தைக் குடையும்போதே எண்ணெயில் ஊற வைத்துவிடுகிறார்கள். எண்ணெய் போட்டால் வெடிக்காது என்பது உறுதியில்லாத பேச்சு. ஒழுங்காக எண்ணெய் போட்டு வந்த கருவிகளும் என்னிடம் வெடித்து வந்திருக்கின்றன, முப்பது வருடம் ஒரு சொட்டும் காணாதவை சுகமாக இருக்கின்றன. என் வழக்கம், புதுக் கருவிக்கு முதல் ஆறு மாதம் ஒன்றும் போடாமல் இருப்பது. அதற்குப் பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்சுவர் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் மட்டும், ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகு, தனி துணியில் சில சொட்டு பாதாம் எண்ணெய் விட்டு மெல்லிசாக ஒரு தடவை. பேட்களுக்கு அடியில் காகிதத் துண்டு செருகிவிட்டு. சில மணி நேரம் கழித்து மீந்ததைத் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் சொன்னவர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார், ஆனால் வேண்டாம். அது 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். உங்கள் ஏசி அறையில் துளைகளுக்குள் வெள்ளையாகக் கட்டி நிற்கும். நாளானால் சிக்கு வாடை, பின்னாலேயே எறும்பு. நான் இதைக் கழுவியிருக்கிறேன், ஜோக்குக்குச் சொல்லவில்லை. ஆளி விதை எண்ணெய் அதைவிட மோசம், காற்றுப்பட்டு இறுகி வார்னிஷ் மாதிரி படலமாகி உள் அளவையே மாற்றும். கிளாரினெட்டின் உள்விட்டம் 15 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, அங்கே ஒரு மயிரிழைப் படலம்கூடச் சுருதியைத் தொடும்.

நாகஸ்வரத்துக்கு ஏன் இத்தனை ஜாக்கிரதை பார்ப்பதில்லை என்று யாராவது கேட்கலாம், என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். நரசிங்கம்பேட்டையில், 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். அதிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் அவர்கள் தேடுவது. பல தலைமுறை கூரைக்கு அடியில் காய்ந்து, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடித்த மரம். கிளாரினெட் மரத்தையும் பதப்படுத்திக் காய வைக்கத்தான் செய்கிறார்கள், சில வருடம். அந்தச் சில வருடத்துக்கும் பல தலைமுறைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இப்போது உங்கள் மகள் தினம் துடைத்து ஈடுகட்டுகிறாள். தவிர, நாகஸ்வரத்தின் உடம்பில் கீ இல்லை, தூண் இல்லை, திருகு ஓட்டைகளும் இல்லை.

இனி டொரோண்டோ. அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்று மைனஸ் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அது ஈரத்தால் நிறைந்த காற்றாக இருந்தாலும், ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சமையல், குளியல் எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏற்றும், ஆனாலும் ஹீட்டர் ஓடும் அறையில் 20, 25 என்பது சாதாரணம். பொதுவாக மரம் 70 சதவீதக் காற்றில் தன் எடையில் 13 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் வைத்திருக்கும், 20 சதவீதக் காற்றில் அது ஐந்துக்கும் கீழே இறங்கும். கருமரத்தில் இந்த எண்கள் இன்னும் குறைவுதான், ஆனால் திசை அதேதான். சென்னைக் காற்றில் ஒரு வருடம் வளர்ந்த கருவி முதல் தடவையாக அப்படி ஒரு டிசம்பரைப் பார்க்கப்போகிறது. உங்கள் கவலை முழுவதையும் அந்த முதல் குளிர்காலத்துக்குச் சேமித்து வையுங்கள் என்பேன்.

செப்டம்பரில் போவது ஒருவகையில் நல்லது, அங்கே வறட்சி படிப்படியாகத்தான் ஏறும். விமானத்தில் கையோடு கொண்டு போகட்டும், கேபினில் ஈரப்பதம் 20க்கும் கீழேதான், ஆனால் மூடிய பெட்டிக்குள் பதினைந்து, இருபது மணி நேரம் பெரிய ஆபத்தில்லை. அக்டோபரில் ஹீட்டர் போட ஆரம்பித்ததும் பெட்டிக்குள் இருவழி ஈரப்பதப் பொட்டலம் வைக்க வேண்டும். போவெடா என்ற பெயரில் கிடைக்கும், இசைக்கருவிக்கென்று 49 சதவீதம் எழுதியதை வாங்கலாம். காய்ந்தால் ஈரம் விடும், ஈரம் கூடினால் உறிஞ்சிக்கொள்ளும். சென்னையில் இப்போது அது தேவையில்லை. பழைய ஆட்கள் ஆரஞ்சுத் தோலைப் பெட்டிக்குள் போடுவார்கள், வேலை செய்யும்தான், ஆனால் மறந்துவிட்டால் பூஞ்சை. பொட்டலம் பெட்டியை மட்டும்தான் காப்பாற்றும், வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் வாசிக்கும் அறை வறண்டிருந்தால் அதற்கு ஒன்றும் செய்யாது. அறைக்கு ஒரு ஈரமூட்டி முடிந்தால் வைக்கட்டும். பனியில் நடந்து வகுப்புக்குப் போனதும் உடனே திறக்கக் கூடாது என்பதை மட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள். அங்கே போனதும் முதல் மாதம் மறுபடி புதுக் கருவி மாதிரி குறைந்த நேரத்தில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

முன்னெச்சரிக்கை ஒன்று கருவியே கொடுக்கும். பேரலின் இரு ஓரத்திலும், இணைப்புக் குழிகளிலும், பெல்லிலும் உலோக வளையங்கள் இருக்கும். வாரம் ஒருமுறை அவற்றை விரலால் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். வளையம் சுழல்கிறது, கிலுகிலு என்கிறது என்றால் உலோகம் அப்படியே இருக்க மரம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே வாசிப்பதைக் குறைத்து, பெட்டியில் ஈரம் ஏற்ற வேண்டும், சில நாளில் இறுகிவிடும். வளையத்தைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், அறிவிப்பு மணியைக் கழற்றி எறிகிற மாதிரி அது.

எல்லாம் செய்தும் வெடிக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட கருவி முதல் வருடத்திலேயே வெடிப்பதும், அசட்டையாக வைத்தது நாற்பது வருடம் நிற்பதும் இரண்டுமே நடக்கிறது. மகளைத் திட்டாதீர்கள். மேற்பரப்பில் ஒரு கோடு தெரிந்தால் அது வெறும் மர ரேகையாகவும் இருக்கலாம். நகத்தால் குறுக்கே மெல்லத் தடவினால் மாட்டுகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வாசிப்பதை நிறுத்தி, கோட்டின் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்து, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் புள்ளியைத் தாண்டியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. உடனே வாங்கிய கடைக்கு எழுதுங்கள். பல தயாரிப்பாளர்கள் முதல் வருடத்தில் மர விரிசலுக்கு உத்தரவாதம் தருகிறார்கள், ஆனால் நிபந்தனைகள் உண்டு. நீங்களே ஃபெவிகுவிக் வாங்கி ஊற்றிவிட்டால் அந்த உத்தரவாதமும் போச்சு. அட்டையை இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள், இந்தியாவில் வாங்கியது கனடாவில் செல்லுமா என்பதும் அதில்தான் இருக்கும்.

விரிசல் விட்டால் கருவி செத்தது என்று நினைப்பவர்கள் அதிகம், அப்படி இல்லை. துளையையோ உள்சுவரையோ தொடாத மேலோட்டமான கோடு ஒலியை ஒன்றும் செய்யாது. தொட்டிருந்தால் காற்று கசியும், அந்த இடத்துக்குக் கீழே உள்ள சுரங்கள் தடுமாறும். மெல்லிய பசையும் கருமரத் தூளும் செலுத்தி அடைப்போம், பெரிதாக இருந்தால் குறுக்கே திருகுமரை போட்ட கம்பிகளை உள்ளே இறக்கி இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க வைப்போம், அல்லது கார்பன் இழைப் பட்டை சுற்றுவோம். முடிந்ததும் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். பேரல் மட்டும் வெடித்தால் புதுப் பேரல் போட்டுக்கொள்ளலாம். கொடைக்கானலில் நான் வெடிக்க வைத்ததில் மூன்று கம்பி இறக்கினேன், இன்றும் அதில்தான் வாசிக்கிறேன். விற்கப் போனால் விலை குறையும், அது உண்மை.

ஒன்று விட்டுப்போச்சு. முதல் சில வாரம் துடைக்கும் துணியில் கறுப்பும் பழுப்புமாகக் கறை வரும். மரத்துக்குப் போட்ட சாயமும் உள்ளே ஊறிய எண்ணெயும்தான் அது. துணியைத் துவைத்துக் காய வைத்துவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள், வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்து மட்டும் மெஷினில் போட்டுவிடாதீர்கள்.